காதைப் பொத்தியவர்களின் கணக்கு

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களைவிட எண்களிடம் மரியாதை அதிகம். நூலகத் துறையின் தலைமை அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். எந்த ஊர் நூலகத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போனது என்று வருடாவருடம் பட்டியல் தயாரிப்பார். பெரிய நகரம், நடுத்தர ஊர், சின்ன ஊர் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் யார் முதல், யார் கடைசி என்று வரிசை போடுவார். ஸ்கேல் வைத்துக் கோடு போடாமல் ஒரு காகிதத்தையும் தொட மாட்டார். அதனால் ஆபீஸில் அவருக்குக் 'கோடு' என்றே பெயர். வீட்டில் நான் அப்படிக் கூப்பிடுவதில்லை, கோபம் வந்தால் ஒழிய.

இந்த வருடப் பட்டியலில் சின்ன ஊர்களின் வரிசையில் கடைசியாக இருந்தது என் நூலகம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். சமையலறையில் நின்றிருந்தேன்.

"கடைசியாவா?" என்றேன்.

"கடைசிதான். ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்."

"மூணாவது தடவையும் பார்க்கறதுதானே."

"நீ என் பொண்டாட்டிங்கறதுக்காக எண்ணு மாறுமா?" என்றார். பாவம், நிஜமாகவே சந்தேகத்தைத் தீர்க்கிற குரலில்தான் சொன்னார். "ஒரு வருஷத்துல உங்க லைப்ரரியில வெளிய போன புக்கு, நகரத்துல ஒரே சனிக்கிழமை காலைல போயிடுது."

கடைசியாக வருகிற நூலகத்தை மூடிவிட்டு, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை புத்தக வேன் அனுப்புவதாக மேலிடத்தில் முடிவாம். என்னை நகர நூலகத்தின் அடித்தளத்துக்கு மாற்றுவார்களாம், புதுப் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிற வேலைக்கு. இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மனுஷர் முகம் மலர்ந்து, "யோசிச்சுப் பாரு, நல்லதுதானே. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போயிட்டு வரலாம்" என்றார். என் கையில் கரண்டி இருந்தது. அதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

என் நூலகம் மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. ஒரு கூடம், ஓர் உள்ளறை, நான்கு ஜன்னல். அதில் மூன்றுதான் திறக்கும். நான்காவதைத் திறக்கப் பார்த்த தச்சர் அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவர், ஜன்னலை மறந்துவிட்டார். பன்னிரண்டு வருடமாக அந்த மாடிப்படி எனக்குப் பிறந்த வீட்டு வாசல் மாதிரி. எண் ஒட்டுகிற அடித்தளத்தில் திறக்காத ஜன்னல்கூட இருக்காது.

எண் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். எண்ணுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு கார்டுதான். உறுப்பினராக வேண்டுமென்றால் விண்ணப்பம், இரண்டு போட்டோ, பொறுப்பான ஆளின் கையெழுத்து என்று ஏகப்பட்ட கெடுபிடி. அதனால் தெருவில் யாராவது ஒருவர் கார்டு எடுப்பார். அவர் பெயரில் புத்தகம் ஒரு தடவை வெளியே போகும். அதற்குப் பிறகு அது வீடு வீடாகப் போகும், கடை கடையாகப் போகும், தெரு தாண்டும். நாள்கணக்கில் ஒருவரே வைத்துக்கொண்டிருந்தால் அடுத்தவர் வந்து கதவைத் தட்டுவார். அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று ஊருக்கே மனப்பாடம். புத்தகம் என்னிடம் திரும்பி வரும்போது பாதி வருடம் ஓடியிருக்கும். நான் தாமதக் கட்டணம் கேட்டதில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்து படிக்கிறவர்களும் கையெழுத்துப் போடுவதில்லை. வாசலில் வருகைப் பதிவேடு இருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்குகிறது. "தினம் வந்து போற வீட்டுக்கு எதுக்குங்க கையெழுத்து?" என்பார்கள். நானும் வற்புறுத்தியதில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றி என்ன பிரயோஜனம்.

இந்தக் கைமாற்று விஷயம் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. காலை முதல் பஸ்ஸில் போய் சாயங்காலம் வருகிறவருக்கு இந்த ஊரில் தெரிந்தது பஸ் ஸ்டாப்பும் எங்கள் வீடும்தான். சொல்லவும் எனக்குத் தைரியமில்லை. கார்டு கைமாறக் கூடாது என்பது துறையின் விதி. விதி எண் என்ன, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். கைமாற்றைச் சொல்லி நூலகத்தைக் காப்பாற்றப் போய், விதியை மீறியதற்கு நானே மாட்டிக்கொள்வேன்.

மூடுவதற்கு முன்னால் ஒரு சலுகை இருந்தது. எல்லா நூலகங்களிலும் ஒரு வாரம் கறாராகக் கணக்கெடுப்பார்கள். வாரக் கடைசியில், பட்டியலின் அடியில் இருக்கிற நூலகத்துக்கு டைரக்டரே நேரில் வந்து பார்ப்பார். பிறகுதான் கையெழுத்து.

இதை என் நாத்தனாரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கைதான். மருந்துக்கடைக்கு எதிரில் தையல் கடை வைத்திருக்கிறாள். அண்ணனுக்கு நேர் எதிர். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் இவள் ஒரு ஜாக்கெட்டைத் தைத்து, துணியில் குறையும் சொல்லிக் கொடுத்துவிடுவாள்.

"அவ்வளவுதானே, அண்ணி? கணக்குதானே வேணும் அவங்களுக்கு. குடுத்துடலாம்" என்றாள்.

"எப்படிக் குடுப்பே?"

"ஊரே வந்து கார்டு எடுக்கும். ஊரே வந்து புக்கு எடுக்கும். எங்க அண்ணன் எண்ணி எண்ணிக் கை ஓஞ்சு போகட்டும்."

அந்த வாரம் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. திங்கட்கிழமை காலையில் நான் கதவைத் திறக்கும்போதே மாடிப்படி நிறைய ஆள். பொறுப்பான ஆளின் கையெழுத்து வேண்டுமென்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸை நாத்தனார் கையோடு கூட்டி வந்து ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தாள். நர்ஸ் ஊசி போடுகிற வேகத்தில் கையெழுத்துப் போட்டார். பஸ் டிரைவர் வண்டியை ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு ஓடி வந்து ஒரு புத்தகம் எடுத்தார். பயணிகளும் இறங்கி வந்து ஆளுக்கொன்று எடுத்தார்கள். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்து, நான் முறைத்ததும் கீழே போய்க் கழுவிவிட்டு வந்தார்.

"எந்தப் புக்குங்க வேணும்?" என்று கேட்டேன்.

"எதுவா இருந்தா என்ன லைப்ரரியம்மா, கணக்குல ஏறணும்ல. அந்தத் தடியா இருக்கறதைக் குடுங்க" என்றார். வெயிட்டான புத்தகம் கணக்கில் கூடுதலாக ஏறும் என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் நான் போட்ட தேதி முத்திரையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு வாரத்துக்கு ஈடாகாது. முத்திரைக் கட்டையின் பிடி கழன்று போய், நாத்தனார் நூல் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தானாகச் சிரிப்பு வந்தது. அவர் என்னவென்று கேட்கவில்லை. கணக்கெடுப்பு வாரத்தில் அந்தந்த நூலகரிடம் எண்களைப் பற்றிப் பேசக் கூடாதாம். பொண்டாட்டி என்றாலும் கூடாதாம்.

சனிக்கிழமை காலையில் டைரக்டரின் ஜீப் மருந்துக்கடை வாசலில் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் இறங்கினார். மெலிந்த உடம்பு, கழுத்தில் சங்கிலியில் தொங்குகிற கண்ணாடி, யாரையும் அவசரப்படுத்தாத நடை. பின்சீட்டிலிருந்து கோடு ஸ்கேலோடு இறங்கினார். நான் பெருமை தாங்காமல் மாடிக் கதவை அகலத் திறந்து வைத்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அலமாரிகள் காலி. ஒரு புத்தகம் இல்லை. வெளியே எடுத்துப் போக அனுமதியில்லாத அகராதியும் நிலப்படப் புத்தகமும் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. நாற்காலிகளில் ஆளில்லை. படிக்கப் புத்தகம் இருந்தால்தானே ஆள் வரும். போதாக்குறைக்கு, "பெரிய ஆபீஸர் வர்றப்போ யாரும் போய்க் கூட்டம் போடாதீங்க, சுத்தமா இருக்கட்டும்" என்று நாத்தனார் வேறு ஊருக்கு உத்தரவு போட்டிருந்தாள். வாரம் பூராவும் முத்திரை குத்திய சந்தோஷத்தில் நான் திரும்பி அலமாரியைப் பார்க்கவே இல்லை. ஒரு நூலகர் செய்கிற காரியமா இது.

டைரக்டர் கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "காலி பண்ண ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க மேடம். எல்லாம் வெளிய போயிருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் உட்கார்ந்து பதிவுகளைப் பார்க்க ஆரம்பித்தார். அதற்கு ஒரு மணிநேரமாவது ஆகும். டைரக்டர் உட்கார்ந்தார், எழுந்தார், திறக்காத ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். கடைசியில் வாசலில் இருந்த புத்தகம் திருப்பும் பெட்டிக்குள் கை விட்டார். அதில் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. காலையில் பள்ளிக்கூட டீச்சர் போகிற போக்கில் போட்டுவிட்டுப் போனது. எங்கள் ஊரில் அதற்கு 'டாக்டர் கதை' என்று பெயர். முதல் பக்கத்திலேயே ஒரு டாக்டர் கொலையாகிவிடுவார். யார் கொன்றது என்று கடைசிப் பக்கம் வரைக்கும் தெரியாதாம். அட்டை போய் ரொம்ப நாளாகிவிட்டதால் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது.

டைரக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே ஒரு பக்கம் படித்தார். அப்புறம் நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் டீ வாங்கி வந்து வைத்தேன். அது ஆறி ஏடு கட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். "மேடம், இந்த வாரக் கணக்கை எடுத்துக்க முடியாது" என்றார்.

டீயை எடுக்கக் குனிந்த நான் நிமிர்ந்தேன்.

"ஏன்?" டைரக்டர் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"ஒரு வருஷக் கணக்கைவிட ஒரு வாரக் கணக்கு அதிகமா இருக்கு. எல்லாம் புது மெம்பர். எல்லாத்துலயும் ஒரே ஆளோட சிபாரிசுக் கையெழுத்து. கணக்கெடுப்புக்காகவே எடுத்திருக்காங்க. இதைச் சேர்த்தா மத்த ஊருங்களுக்கு அநியாயம்."

நல்லவேளை, கரண்டி வீட்டில் இருந்தது. கட்டின புருஷன், நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்து என் தலையில் கல்லைப் போடுகிறார். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. நியாயம் அவர் பக்கம் என்பது வேறு என் கோபத்தை ஏற்றிவிட்டது. "போங்க, ரொம்ப நல்லாயிருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

டைரக்டர் பெருமூச்சு விட்டு, புத்தகத்துக்குள் ஒரு விரலை வைத்து மூடினார். "சரி, அப்போ பழைய கணக்குத்தான். ஆர்டரை எழுதிடுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கையில் புத்தகங்களோடு ஊர் மேலே வந்துகொண்டிருந்தது. முதலில் பேக்கரிக்காரர், பின்னால் டிரைவர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர், சலூன்காரர், தச்சர், எல்லாருக்கும் பின்னால் இடித்துத் தள்ளிக்கொண்டு என் நாத்தனார்.

"கணக்கு முடிஞ்சுதுல்ல, லைப்ரரியம்மா?" என்று பேக்கரிக்காரர் தன் தடிப் புத்தகத்தை என் மேஜை மேல் வைத்தார். "திருப்பி எடுத்துக்குங்க. வீட்டுல வைக்க இடமில்ல."

"படிச்சீங்களா?" என்று டைரக்டர் கேட்டார்.

"இதையா?" அவர் அப்போதுதான் அட்டையைப் பார்த்தார். "மாடு வளர்ப்பாம். எனக்கு எதுக்குங்க மாடு?"

என் வீட்டுக்காரர் குனிந்து ஏதோ எழுதினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஊர் நல்லது செய்கிறதாக நினைத்து உள்ளே வந்து, மிச்சம் மீதி இருந்ததையும் குழிதோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக வந்து படிக்காத புத்தகத்தை மேஜையில் அடுக்கினார்கள். கூடத்தில் எள் விழ இடமில்லை.

டிரைவர் மட்டும் புத்தகத்தை வைத்துவிட்டு, ஆபீஸர் இருக்கிறார் என்பதையும் பார்க்காமல், என்னிடம் குனிந்து கேட்டார். "இந்த ஒரு வாரமா ஆளுக்கொண்ணை வச்சுக்கிட்டு எதுவும் கைமாறல. ஊரே நின்னு போச்சு. டாக்டர் கதை வந்திருக்காமே? டீச்சர் போட்டுட்டாங்களாமே. என் முறைதான்."

"உன் முறையா?" பின்னாலிருந்து என் நாத்தனார் கத்தினாள். "டீச்சருக்கு அப்புறம் நர்ஸம்மா. நர்ஸம்மாவுக்கு அப்புறம் சலூன். நீ எங்கயோ இருக்கே."

"நான் சலூன்கிட்ட மாத்திக்கிட்டேன்."

"நான் எப்ப மாத்தினேன்?" என்றார் சலூன்காரர். "ஒரு தடவை ஓசியில முடி வெட்டிக்கிட்டா முறை மாறிடுமா?"

"டீச்சருக்கு முன்னாடியே நான் சொல்லி வச்சிருந்தேன்" என்று தச்சர் ஆரம்பித்தார். "என் தெருவுல இன்னும் நாலு பேர் பாக்கி" என்றார் இன்னொருவர். ஆளாளுக்குப் பேச, சந்தைக்கடைதான். என் வீட்டுக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். கார்டு கைமாறுகிற விஷயம் ஊர் வாயாலேயே அவர் முன்னால் கொட்டிக்கொண்டிருந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

டைரக்டர் விரல் வைத்திருந்த புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். "டாக்டர் கதைங்கறது இதுவா?"

கூடம் அடங்கியது.

"அதேதாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். அவரிடம் ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லி ரகசியமாக வைக்கச் சொன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். "மேடமும் படிக்கறீங்களா? அருமையான கதைங்க. கடைசியில பார்த்தா, அந்த டாக்டரைக் கொன்னது யாருன்னா—"

"ஐயோ, சொல்லாதீங்க" என்று ஒரு கூக்குரல். டிரைவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். நர்ஸ் பொத்திக்கொண்டார். சலூன்காரர், தச்சர், தச்சர் பெண்டாட்டி, அங்கங்கே வரிசை வரிசையாகக் கைகள் காதுக்குப் போயின. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படித்து முடித்தவர்களின் சிரிப்பு அது. முடிவு தெரிந்தவர்களுக்கு மட்டுமே வருகிற, கொஞ்சம் கொழுப்புக் கலந்த சிரிப்பு. என் நாத்தனார் அண்ணன் இருப்பதையே மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜன்னல் ஓரத்தில், புத்தகம் மடியில் விழ, டைரக்டரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

நானும்தான் பொத்திக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். டைரக்டரின் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, பின்பக்கம் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். வருட ஆரம்பத்தில் குத்திய ஒரே ஒரு முத்திரை அதில் இருந்தது. நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

"யாரும் கையை எடுக்காதீங்க. அப்படியே இருங்க" என்றாராம். காதைப் பொத்தியிருந்த எங்கள் யாருக்கும் அது கேட்கவில்லை. சிரித்தவர்கள் இன்னும் சிரித்தார்கள். அவர் ஸ்கேலால் தலைதலையாகச் சுட்டி எண்ண ஆரம்பித்தார். நடுவில் தச்சர் கையை எடுக்கப் போக, அவரே பிடித்துத் திரும்பக் காதில் வைத்துவிட்டு எண்ணினார்.

"சிரிச்சவங்க பத்தொம்பது. காதைப் பொத்தினவங்க டிரைவர்ல ஆரம்பிச்சு பன்னெண்டு. மேடத்தைச் சேர்த்தா பதிமூணு" என்றார். "முத்திரை ஒண்ணு."

டைரக்டர் காதிலிருந்து கையை எடுத்தார். "இதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, கோடு" என்றார். அந்தப் பெயர் டைரக்டர் வரைக்கும் போயிருந்தது எனக்கு ஆச்சரியம். "ஒரு நல்ல கதைக்கு அப்படித்தான் இருக்கும்."

"ஆமாம் மேடம். அதனால மத்ததையும் பார்க்கணும்" என்றார் இவர். குரலில் ஒரு நடுக்கம். பயமில்லை, குஷி. அவருக்கு முன்னால் எண்ணாத எண்கள் ஒரு கூடம் நிறைய நின்றுகொண்டிருந்தன.

அப்புறம் மத்தியானம் முழுக்க நடந்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மேஜையில் திரும்பி வந்து குவிந்திருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். "இதைப் படிச்சவங்க கையைத் தூக்குங்க." கைகள் உயரும். "யாரு சொல்றதையும் நம்ப மாட்டேன், உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும்" என்பார். கப்பல் பயணப் புத்தகத்துக்குத் தச்சர் எழுந்து, நடுக்கடலில் பாய்மரம் முறிந்ததைச் சொல்லி, அதை எப்படிச் செதுக்கியிருந்தால் முறிந்திருக்காது என்றும் சேர்த்துச் சொன்னார். வானசாஸ்திரப் புத்தகத்துக்கு மருந்துக்கடைத் தெருவே கை தூக்கியது. பாதியில் கிழிந்த பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று அவர்களுக்குள் இரண்டு கட்சி இருந்தது. மாடு வளர்ப்புப் புத்தகத்துக்கு ஒருவரும் கை தூக்கவில்லை. அதையும் பூசி மெழுகாமல் சைபர் என்று எழுதிக்கொண்டார். "புது முத்திரையெல்லாம் கணக்குல கிடையாது, பழசு மட்டும்தான்" என்று இரண்டு தடவை சொன்னார். காலையில் எனக்கு எதிராக இருந்த அதே கறார்தான். இப்போது அது என் பக்கம் நின்றது.

"அண்ணே, எனக்கு மட்டும் நாலு கை வேணும்" என்றாள் நாத்தனார். எந்தப் புத்தகத்தைக் காட்டினாலும் அவள் கை மேலே இருந்தது.

"நீயுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா விதி நம்பர் சொல்வே."

எல்லாம் முடிந்து அவர் உட்கார்ந்து கூட்டினார், பெருக்கினார், ஊர் ஜனத்தொகையால் வகுத்தார். நகரத்தையும் மற்ற சின்ன ஊர்களையும் அதே போல வகுத்தார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் வகுத்தல் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, டைரக்டரிடம் சொல்ல வேண்டியதை என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நகரத்துல ஒரு புக்கு வெளிய போனா ஒருத்தர் படிக்கறாங்கன்னு வச்சுக்கறோம். இங்க சராசரி பதினாலு பேர். அங்க பன்னெண்டு லட்சம் ஜனம், இங்க நாலாயிரம். ஆளுக்கு எவ்வளவுன்னு பார்த்தா," என்று நிறுத்தினார். எச்சில் விழுங்கினார். "இந்த ஊரு கடைசி இல்ல. சின்ன ஊருங்கள்ல முதல். நகரத்துக்கும் மேல. நான் போட்ட பட்டியல் தப்பு."

கூடத்தில் எழுந்த சத்தத்தில் திறக்காத ஜன்னல் அதிர்ந்தது. நர்ஸ் என்னைக் கட்டிக்கொண்டார். பேக்கரிக்காரர் மாடு வளர்ப்பைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, மூக்கைச் சிந்தக் கைக்குட்டை தேடினேன். என் வீட்டுக்காரர் தன்னுடையதைக் கொடுத்தார்.

"நகரத்துக்கு மேலங்கறதை இப்போ எழுதாதீங்க" என்றார் டைரக்டர். "அங்கயும் கைமாறுதான்னு பார்க்கணும். அங்க வாசல்ல ஆளை எண்ணுற மெஷின் பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்குவழியா போறவங்களைக்கூட வாசகர்னு எண்ணுதாம். எல்லா ஊரையும் புதுசா எண்ணணும், உங்க முறையில." ஆர்டரை எடுத்து இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இது வேண்டாம்."

"மேடம், கார்டு கைமாறின விதிமீறல்?" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். அவரால் அடக்க முடியவில்லை. நான் முறைத்ததில் பாதியில் நின்றார்.

"கார்டே இல்லாம காலைலேர்ந்து நான் ஒரு புக்கைப் படிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் டைரக்டர். "முதல்ல என்மேல எழுதுங்க."

கிளம்பும்போது அவர் அந்தப் புத்தகத்தை மேஜையில் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்க மனசில்லாமல் நின்றார். பாதி தாண்டியிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். அடுத்த முறைக்காரரான நர்ஸ் அதைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போங்கம்மா. என் முறையில நீங்க படிங்க. முடிச்சதும் நம்ம லைப்ரரியம்மா வீட்டுக்காரர் பஸ்ல கொண்டு வந்துடுவாரு" என்றார். அத்தனை பெரிய அதிகாரி, சின்னப் பெண் மாதிரி அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் என் வீட்டுக்காரர் நேராக நூலகத்துக்கு வந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் தானாக அந்த மாடி ஏறியது அன்றுதான் முதல் தடவை. சாத்துகிற நேரம். நூலகம் தொடர்ந்து நடக்கும், தெருவுக்கு ஒரு பொதுக் கார்டு கொடுக்கலாம் என்ற ஆர்டரை மேஜையில் வைத்தார். நான் அதை இரண்டு தடவை படித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அதன் மேல் டாக்டர் கதையை வைத்தார்.

"நர்ஸம்மாகிட்ட குடுக்கணும்" என்றேன்.

"கேட்டுட்டேன். அவங்க இன்னும் ஒரு முறை தள்ளிக்கறாங்களாம்." ஸ்கேலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அன்னைக்குக் காதைப் பொத்தினவங்க பன்னெண்டு பேருன்னு சொன்னேன்ல. பன்னெண்டாவது ஆளு மேஜைக்குப் பின்னாடி நின்னுது. இந்த ஊருல எல்லாருக்கும் எடுத்துக் குடுக்கற ஆளு, இன்னும் படிக்கல."

டாக்டர் கதை எப்போது வந்தாலும் மேஜைக்கு எதிரில் யாராவது ஆசையோடு நிற்பார்கள். கொடுத்துவிடுவேன். இதை ஒரு குறையாக நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. எண்களை மட்டும் பார்க்கிற மனுஷர் என்னைப் பார்த்திருக்கிறார். கண் நிறைந்து, எதிரில் இருந்தவர் கலங்கலாகத் தெரிந்தார்.

முதல் பக்கத்தைத் திறந்தேன். டாக்டர் செத்துக் கிடந்தார். நிமிர்ந்தபோது என் வீட்டுக்காரரின் உதடு துடித்துக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் முகத்தில் நான் பார்த்திருக்கிற அதே துடிப்பு.

"பஸ்ல படிச்சீங்களா?"

தலையாட்டினார். "முழுசா. கொன்னது யாருன்னா—"

"வாயைத் திறந்தீங்க, இன்னிக்கு வீட்டுல சோறு கிடையாது" என்றேன்.

அவர் வாயை இறுக மூடிக்கொண்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் படிக்கப் படிக்க, எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் அன்று சோறு நினைவுக்கே வரவில்லை.